பன்றிச் சங்கத்தில் ஒரு சைவக்காரி

பன்றிக்கடை முதலாளி எங்கள் ஆய்வுகூடத்துக்கு முதன்முதலாக வந்த அன்று ஒரு சாராயப் போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காலை நேரம். என் முன்னால் ஒரு பாடசாலையின் குடிநீர் அறிக்கையும் ஒரு கோப்பை பிளேன்டீயும் இருந்தன.

“பயப்புடாதீங்க மிஸ். உள்ள தண்ணிதான்.”

“போத்தலைக் கழுவினனீங்களோ?”

“நல்லாக் கழுவினேன் மிஸ். வாசமே இல்ல, மணந்து பாருங்க.”

“எந்தத் தண்ணியால கழுவினனீங்கள்?”

“பண்ணைத் தண்ணியாலதான்.”

எங்கள் ஆய்வுகூடம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர், ஹோட்டல் தாங்கித் தண்ணீர், ஐஸ்கட்டி, எதைக் கொண்டுவந்தாலும் அதில் என்ன கிருமி, என்ன உப்பு என்று பார்த்துச் சொல்வோம். ஆனால் சாராயப் போத்தலில் வந்த தண்ணீரைச் சோதித்தால் போத்தலின் குணமா, தண்ணீரின் குணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப பீர் போத்தல் சரியா மிஸ்?” என்றார்.

அவரை எனக்கு முகம் தெரியும். அதே வீதியில் அவருக்குப் பன்றி இறைச்சிக் கடை இருந்தது. ஜா-எலப் பக்கம் ஒரு பெரிய பண்ணையும் இருந்தது. வேலைக்கு நடந்து வரும்போது அந்தக் கடைக்குக் கிட்ட வந்ததும் நான் வீதியைக் கடந்து மறுபக்கம் போய்விடுவேன். கடையின் முன்பக்கத்தில் கொளுக்கியில் பாதிப் பன்றி தொங்கும். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக்கைக்கூட இரண்டு தரம் விசாரித்துவிட்டுத்தான் தொடுவேன்.

போத்தல் விவகாரம் முடிந்த பிறகும் முதலாளி எழும்பவில்லை. அவர் வந்த அலுவல் வேறு. அவர் பன்றி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கம் வெகுகாலமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தரம் கூடி, தேவாலயத்தில் ஒரு திருப்பலிப் பூசை வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கலைவதுதான் அதன் வேலை. இப்போது பண்ணைக் கழிவுநீருக்குப் புதிய விதிகள் வரப்போவதாகக் கதை. கழுவிவிடுகிற தண்ணீரை நேரே வாய்க்காலுக்கு விடக்கூடாது, கிணற்றுக்குக் கிட்டத் தொழுவம் கட்டக்கூடாது, தண்ணீரைக் காலத்துக்குக் காலம் சோதிக்கவேண்டும் என்று ஒரு வரைவு தயாராகியிருந்தது. விதி முடிவாவதற்கு முன் வளர்ப்பவர்களுடைய பக்கத்தையும் கேட்க அதிகாரிகள் சம்மதித்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சங்கத்துக்கு ஒழுங்கான யாப்பு, அதாவது எழுதிவைத்த சட்டதிட்டம், வேண்டும், தெரிவு செய்யப்பட்ட நிர்வாகசபை வேண்டும், அந்தச் சபையில் பன்றித் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவராவது இருக்கவேண்டும்.

“நீங்க வரணும் மிஸ்.”

“நானோ?”

“நீங்க எங்கட கடையக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற ஆள். உங்களவிடத் தொடர்பில்லாத ஆள நான் எங்க போய்த் தேடுவேன்?”

இத்தனை நாளும் அவர் அதைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு முகம் சுட்டது. அவருக்கோ அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நல்ல மாப்பிள்ளையைக் கண்டுபிடித்த தரகர்போல மகிழ்ச்சியாக இருந்தார்.

யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன். ஆனால் அவர் படியிறங்கும்போதே எனக்குத் தெரியும், நான் ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன் என்று. இவ்வளவு காலமும் நான் எழுதிய அறிக்கைகளை வாங்கியவர்கள் ஒன்றில் கோப்பில் வைத்தார்கள், அல்லது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. ஒரு விதி எழுதப்படுகிற இடத்தில் ஒரு தரமாவது இருந்து பார்க்கவேண்டும் என்று ஆசை. பன்றி அதற்குள் வந்து சேர்ந்தது என் பிழை அல்ல.

வீட்டில் சொல்லும்போது, “என்னைத் தண்ணிக் கொமிட்டி ஒண்டில போட்டிருக்கினம்” என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் ஒரு கோயிலின் பரிபாலன சபையில் இருக்கிறார். ஓய்வு என்ற சொல்லுக்கு அந்தச் சபையில் இடமில்லை. ஒவ்வொரு கூட்டமும் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவருடைய இரத்த அழுத்தமும் கூடவே வரும். “நல்லது. உமக்கும் இப்ப விளங்கும், கொமிட்டி எண்டால் என்னெண்டு” என்றார்.

சங்கத்தின் முதல் கூட்டம் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். சிங்களம், தமிழ், இடைக்கிடை ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சத்தம் போட்டார்கள். முதலாளி என்னை மேடைக்குக் கிட்ட இருத்தி, “இவங்க பன்றி சாப்பிடவே மாட்டாங்க!” என்று அறிமுகப்படுத்தினார். ஒரு சிலர் அனுதாபத்துடன் பார்த்தார்கள்.

யாப்பில் வாக்குரிமை பற்றிய பகுதி வந்ததும் சண்டை தொடங்கியது. பெரிய பண்ணைக்காரர்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். எத்தனை தாய்ப்பன்றி வைத்திருக்கிறாரோ அதன்படி வாக்கு. முதலாளியும் அந்தப் பக்கந்தான். அவரிடம்தானே கூடுதலான பன்றி.

பின்வரிசையில் இருந்து ஓர் அக்கா எழும்பினார். நீர்கொழும்புப் பக்கத்தவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொழுவத்தில் ஆறு பன்றி வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். குரல் மட்டும் அறுநூறு பன்றிக்குப் போதுமானது.

“அப்ப என்ட பன்றி குட்டி போட்டா எனக்கு வோட்டுக் கூடுமா தலைவர்?”

“குட்டிக்கு வோட்டு இல்ல அக்கா. தாய்க்குத்தான்.”

“சினையா இருந்தா?”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். யோசித்ததுதான் பிழை. அதற்குள் இன்னொருவர் எழும்பி, கிடாய்ப் பன்றி இல்லாமல் தாய்ப்பன்றியால் என்ன செய்ய முடியும், கிடாய்க்கு ஏன் வாக்கில்லை என்று கேட்டார். வேறொருவர், கூட்டத்துக்கு முதல்நாள் பன்றி செத்துப்போனால் அதன் வாக்கும் செத்துப்போகுமா என்று கேட்டார். தேர்தல் நாளுக்காகவே பக்கத்துப் பண்ணையில் பன்றி இரவல் வாங்குவார்கள் என்று ஒருவர் எச்சரித்தார். மதியச் சாப்பாட்டுவரை இதுதான் நடந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரு பக்கம் போக, எனக்கு மட்டும் மண்டபத்தின் மறுகோடியில் தனி மேசை போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, ஒரு பூச்சாடி. சைவக்கடையில் வாங்கிய தயிர்ச் சாதத்தையும் வடையையும் முதலாளியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். இறைச்சித் தட்டுகளுக்குக் கிட்டப் போய்விடக்கூடாதென்று சுவரோரமாகச் சுற்றி வந்தார். கூறைச்சீலை மாற்றிய கலியாணப் பொம்பிளைபோல நான் தனியே இருந்து சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, ஒரு கொமிட்டியில கூட வைச்சிருக்கிற ஆளுக்குக் கூட வோட்டுக் குடுக்கலாமோ?”

“கூட என்னத்தை வைச்சிருக்கிற ஆளுக்கு?”

“கிணறு” என்றேன். “குட்டி போட்டால் அதுக்கும் வோட்டோ எண்டு கேக்கினம்.”

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். “கிணறு குட்டி போடுமோ?”

“பக்கத்தில சின்னக் கிணறு வெட்டினால்.”

நல்லவேளை, அவருடைய மனம் வேறெங்கோ போய்விட்டது. “இதே கரைச்சல்தானப்பா எங்களுக்கும்! பெரிய திருவிழா செய்யிற வீட்டுக்காரர் தங்களுக்கு ரெண்டு வோட்டு வேணுமாம். சாமிக்குச் செய்யிறதுக்கும் வோட்டுக்கும் என்ன சம்பந்தம்? எழுதும், சொல்லுறன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வோட்டு. ஆருடைய விசயம் கதைக்கப்படுதோ, அவர் எழும்பி வெளியில போகவேணும். இந்த ரெண்டும் இல்லாட்டி அது கொமிட்டி இல்லை, சந்தை.”

அவர் சொன்னதை அப்படியே அடுத்த கூட்டத்தில் வைத்தேன். வங்கிக்காரருடைய வசனம் அல்லவா, மறுத்துக் கதைக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. முதலாளிக்கும் ஒரு வாக்கு, ஆறு பன்றி அக்காவுக்கும் ஒரு வாக்கு. தலைவர் பதவி மட்டும் முதலாளிக்கே போனது. சாப்பாட்டு ஒழுங்கை அவரைப்போலச் செய்ய ஆளில்லை என்று அக்காவே முன்மொழிந்தார்.

நான் கொண்டுபோன விதி முதலில் பதம் பார்த்தது என்னைத்தான். அடுத்த விடயமே, உறுப்பினர்களுடைய தண்ணீரை எந்த ஆய்வுகூடத்தில் சோதிப்பது என்பது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி வெளியே போய் மண்டபத்து வாசலில், வெயிலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது தெஹிவளையில் இருந்த வேறோர் ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்திருந்தார்கள். எங்கள் இடத்தில் போத்தல் விசயத்தில் கண்டிப்புக் கூட என்று முதலாளி சொன்னாராம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு விதியும் பிறந்தது. அது அக்காவின் யோசனை. ஒரு விடயத்தில் ஒருவர் ஒரு தரம்தான் கதைக்கலாம். இரண்டாம் தரமும் கதைக்க ஆசையென்றால் கதைக்கட்டும், ஆனால் அடுத்த கூட்டத்துச் சாப்பாடு அவருடைய செலவு. கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்த கூட்டங்களின் அமைதியைப் பார்த்தால் தியான மண்டபமோ என்று நினைக்கத் தோன்றும். ஆட்கள் எழும்புவார்கள், வாயைத் திறப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள், இருப்பார்கள்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவருக்குக் கண் பளிச்சிட்டது. “ஆரப்பா இதைக் கண்டுபிடிச்சது?”

“கொமிட்டியில ஒரு அக்கா.”

“கெட்டிக்காரி. எங்கட ஆக்களுக்கு இதுதான் மருந்து.”

கோயில் சபையில் அவர் அதைக் கொஞ்சம் சைவப்படுத்தி முன்வைத்தார். இரண்டாம் தரம் கதைப்பவர் அடுத்த வெள்ளிக்கிழமைச் சர்க்கரைப் பொங்கலுக்குப் பொறுப்பு. அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் ஒன்றில் கூட்டம் வேளைக்கு முடிந்தது, அல்லது பொங்கல் தாராளமாகக் கிடைத்தது. சனங்களுக்கு இரண்டும் பிடித்திருந்தது. சபையின் புதிய விதிக்கோவையில் அதை அச்சடித்தார்கள். கணவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நான் முன்வரிசையில் இருந்து கை தட்டினேன்.

இதற்கிடையில் அதிகாரிகள் பண்ணை பார்க்க வருவதாக அறிவித்தார்கள். முதலாளி தன் பண்ணையையே காட்டுவதாகப் பொறுப்பெடுத்தார். அது உண்மையில் நல்ல பண்ணை. கழிவு முதலில் பயோகேஸ் தொட்டிக்குப் போகும். அந்த வாயுவில்தான் பண்ணையில் சமையல். பிறகு தண்ணீர் மூன்று குளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கித் தெளிந்து, கடைசியில் வாய்க்காலுக்குப் போகும். அவர் சும்மா இருந்திருந்தாலே போதும். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

நாங்கள் போய் இறங்கியபோது கடைசிக் குளம் முழுவதும் தாமரை. சாயம் பிழிந்து ஊற்றியதுபோல் ஊதா நிறப் பூக்கள். அதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர், சாந்தமான மனிதர். மற்றவர் இளம்பெண், கண்ணில் எதுவும் தப்பாது.

“அழகாயிருக்கு. எப்ப நட்டது?” என்று அந்தப் பெண் சிங்களத்தில் கேட்டார்.

“இதெல்லாம் எங்கட தாத்தா காலத்துல இருந்தே இருக்கு மிஸ்” என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தாத்தா காலத்துத் தாமரைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, எங்களைக் கடந்து மெதுவாக ஊர்வலம் போய், மறுகரை மூலையில் குவிந்துகொண்டன. ஒரு பூவுக்கும் வேர் கிடையாது. கரையில் நின்ற ஒரு கொக்கு பயந்து பறந்தது.

அவமானத்தை மறைக்க முதலாளி இன்னொரு படி மேலே போனார். “பூவ விடுங்க சேர். தண்ணியப் பாருங்க. இது குடிக்கிற தண்ணி மாதிரி!”

“குடிக்கலாமா?” என்று பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார்.

முதலாளி பகிடியாக எடுக்கவில்லை. ஒரு கிளாஸைக் கொண்டுவரச் சொன்னார். இடுப்புச் சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கி, கிளாஸை நிரப்பி, வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிந்த தண்ணீரைப் போல ஏமாற்றுவது வேறில்லை. தெஹிவளை ஆய்வுகூடத்தின் அறிக்கையை நான் முதல் நாள்தான் வாசித்திருந்தேன். வாய்க்காலுக்கு விடலாம், தென்னைக்கு விடலாம். குடித்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். சங்கத்தின் மானம், வரப்போகிற விதி, கூட்டத்துக்கு முன்னால் தலைவரை விட்டுக்கொடுக்கலாமா என்பதெல்லாம் என் மனதில் ஓடியிருக்கவேண்டும். ஒன்றும் ஓடவில்லை.

“ஐயோ, குடியாதேங்கோ!” என்று கத்தினேன். “அதுக்குள்ள மலக்கிருமி இருக்கு!”

சுத்த யாழ்ப்பாணத் தமிழில்தான் கத்தினேன். ஆனால் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. முதலாளியின் கை அப்படியே நின்றது. பின்னால் நின்ற அக்கா, “மிஸ் சொன்னா சரிதான், ஊத்திருங்க தலைவர்” என்றார். அவர் ஊற்றினார். தன் காலில்தான் ஊற்றினார்.

பெரியவர் என் பக்கம் திரும்பி, “நீங்கள் எந்த அரசாங்கத் திணைக்களம்?” என்று கேட்டார்.

“நான் சங்கத்தின் நிர்வாகசபை உறுப்பினர்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஈரக்காலோடு நின்ற முதலாளியைப் பார்த்தார், பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு தென்னைகளின் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகத்தை ஒழுங்காக்கியிருந்தார். எத்தனையோ சங்கங்களோடு கதைத்திருக்கிறாராம், எல்லாரும் தண்ணீர் நல்லது என்றுதான் சொல்வார்களாம். கெட்டது என்று தன் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்லுகிற சங்கத்தை இப்போதுதான் காண்கிறாராம். விதியை எழுதும் குழுவில் எங்களுக்கு இடம் தரச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்.

முதலாளிக்கு அது காதில் ஏறவில்லை. அதன் பிறகு சில வாரங்களுக்கு நான் கடையைக் கடக்கும்போது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொளுக்கியில் தொங்கிய பாதிப் பன்றியிடம், “சில பேர நம்பி சபையில போட்டோம்” என்று சொல்வார். அதுவரை வீதியின் மறுபக்கத்தால் போன நான், அவரோடு சமாதானமாகவேண்டும் என்பதற்காக இந்தப் பக்கத்தாலேயே நடக்கத் தொடங்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.

அவருடைய கோபம் தீர்ந்தது அக்காவால். விதி எழுதும் குழுவில் முதலாளி, அக்கா, நான் மூவரும் இருந்தோம். சங்கத்தில் பெரிய பண்ணைக்காரர்கள் கடுமையான விதி வேண்டும் என்றார்கள். தங்களிடம் குளம் இருக்கிறது, சின்னவர்கள் முடியாமல் ஒதுங்கிப் போவார்கள் என்ற கணக்கு. அக்காவோ ஒரு விதியும் வேண்டாம் என்றார். “எங்கட தொழுவத்துக்குப் பக்கத்துலதான் எங்கட கிணறு. கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து குடிக்கிறோம். என்ன ஆச்சு?”

“ஒருக்கால் சோதிச்சுப் பாப்பமே அக்கா” என்றேன்.

“பாருங்க. பயமா?”

பார்த்தோம். முடிவு நல்லதாக இல்லை. தொழுவத்துத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நான் அவருக்குச் சொன்னபோது அவர் முதலில் என்னோடு சண்டை பிடித்தார். பிறகு தெஹிவளை ஆய்வுகூடத்தோடு சண்டை பிடித்தார். கடைசியில், “என்ட மக புள்ளத்தாச்சியா வந்திருக்கா மிஸ். அவளும் அதத்தான் குடிக்கிறா” என்றார். அந்தக் குரலில் அவர் கதைத்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த கூட்டத்தில் பெரிய பண்ணைக்காரர்கள் அசந்துபோனார்கள். அவர்களைவிடக் கடுமையான விதி கேட்டது அக்காதான். கிணற்றிலிருந்து தொழுவம் தள்ளியிருக்கவேண்டும் என்றார். சோதனை எல்லாருக்கும் வேண்டும் என்றார். “ஆனா எங்களுக்குக் குளம் வெட்ட எடமில்ல. சின்னவங்க பக்கத்துப் பக்கத்துல இருக்கோம். நாலு வீட்டுக்கு ஒரு தொட்டி போட விடுங்க, அதுக்குக் காலமும் தாங்க” என்று நின்றார். கதைத்தது இரண்டாம் தரம் என்று யாரோ ஞாபகப்படுத்த, “சாப்பாடுதானே, போடுறேன்” என்று மூன்றாம் தரமும் கதைத்தார். முதலாளி எழும்பினார். எதிர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். “அக்கா சொல்றது நியாயம். சாப்பாட்டுல பாதி என்ட கணக்கு” என்றுவிட்டு இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன மிஸ், இதயாவது குடிக்கலாமா?” என்று கேட்டார். எங்கள் சண்டை அத்தோடு சரி.

விதி கிட்டத்தட்ட அப்படியே வந்தது. கூட்டுத் தொட்டிக்கு அனுமதி, சின்னப் பண்ணைகளுக்கு மேலதிகக் காலம், சோதனை எல்லாருக்கும். அக்காவின் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தார்கள். தொழுவம் காணியின் அடுத்த கோடிக்குப் போனது. அவர் இப்போது வாய்க்கால் கரையால் போகும்போதெல்லாம் மற்றவர்களுடைய தண்ணீரை எட்டிப் பார்க்கிறார் என்று முறைப்பாடு. கூடுதலான முறைப்பாடு முதலாளியிடமிருந்துதான்.

சங்கம் அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு கலண்டர் அடித்தது. அதற்காகப் படம் எடுத்தபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. காஞ்சிபுரம் சேலை, நெற்றியில் திருநீறு, குங்குமம் எல்லாம் வைத்து நன்றாகத்தான் போயிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய்விட்டு வந்தால், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கலண்டர் தொங்குகிறது. முதலாளி ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். காவலாளி அது கட்டடத்துக்கு வந்த அன்பளிப்பு என்று நினைத்து ஆணி அடித்து மாட்டிவிட்டார். மேலே ரோசா நிறத்தில், பல் தெரியச் சிரிக்கும் ஒரு பன்றி. அதன் கீழே நிர்வாகசபை. நடுவில், பன்றியின் காலுக்கு நேர் கீழே, பட்டுச்சேலையில் நான்.

கீழ்வீட்டு முஸ்லிம் தாத்தா, அக்காவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், பால் வாங்க வந்தவர், கலண்டருக்கு முன்னால் நின்றார். புடவைக் கடைக்காரரின் மனைவி, எனக்கு நல்ல பழக்கம். என்னைக் கண்டதும் சங்கடத்தோடு சிரித்தார்.

“மிஸ், படத்துல நீங்க நல்ல அழகா ஈக்கிறீங்க. மேல ஈக்கிற ஆளத்தான் நாங்க பாக்க ஏலாம ஈக்கி.”

நான் கலண்டரைக் கழற்றத் திரும்பியபோது லிப்ட் திறந்தது. உள்ளே என் கணவர், கோயிலுக்குப் போக வேட்டியோடு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கலண்டரை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தார். வங்கிக்காரர், எதையும் பாதியில் விடமாட்டார். தாத்தா மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“இதுதானோ உம்மட தண்ணிக் கொமிட்டி?”

“தண்ணிதான். பன்றிப் பண்ணைத் தண்ணி.”

“அப்ப குட்டி போட்ட கிணறு?”

“ஓம்.”

அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கி வருவது தெரிந்தது. “அப்ப... அந்தச் சாப்பாட்டு விதி?”

“ஆறு பன்றி வைச்சிருக்கிற அக்காவின்ட.”

“நாங்கள் அதை விதிக்கோவையில அடிச்சிட்டமப்பா. குருக்கள் ஐயா வாசிச்சு வெளியிட்டவர். எனக்குப் பொன்னாடை போட்டவை!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கோபத்தோடுதான் என்னைப் பார்த்தார். பிறகு, அவரையும் மீறி, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் லிப்ட் வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, கலண்டர் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று நினைத்து, “ஒன்னு மேலுக்கும் குடுக்கட்டா நோனா?” என்று கேட்டார்.

கணவர் அன்று கோயிலுக்குப் போகவில்லை. திரும்பி மேலே வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்து நெடுநேரம் யோசித்தார். விதிக்குத் தீட்டு உண்டா என்பதுதான் பிரச்சினை. சோறு சாப்பிடும்போது ஒரு முடிவுக்கு வந்தார்.

“நாங்கள் குடுத்த ரெண்டு விதியால அவை நடக்கினம். அவை தந்த ஒண்டால நாங்கள் நடக்கிறம். கணக்குச் சரி. ஆனால் வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதேயும்.”

“கீழ்வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியும்.”

“அவ கோயிலுக்கு வாறேல்லைத்தானே.”

மோர் குடித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்த அக்காவிடம் ஒரு விசயம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். கோயில் சபைத் தலைவர் கூட்டத்தில் நித்திரை கொள்கிறாராம். வயதில் மூத்தவர், எழுப்பினால் மரியாதையில்லை, எழுப்பாவிட்டால் அலுவல் நடக்காது. இதற்கு அவர்களிடம் ஏதாவது விதி இருக்கிறதா?

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். அக்கா வாய்க்குள் இருந்ததை விழுங்கிவிட்டு, முதலாளி தூரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

“எழுப்ப வேணாம்னு சொல்லுங்க மிஸ். அவர் தூங்குறப்பவே எல்லாத்தையும் பாஸ் பண்ணச் சொல்லுங்க. நாங்க அப்புடித்தான்.”